முகச் சுருக்கமும் ஊசி மருந்தும்



  

ஒரு தாய் எமக்கு எழுதிய கடிதமே இவ்வுரைக்குக் காரணம். தமது மகளுக்கு 24 வயது என்றும், நிக்காஹ் நாள் குறித்தாயிற்று என்றும், நெற்றியில் கோடு விழுமுன்னரே ‘பொட்டொக்ஸ்’ ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டுமென மகள் பிடிவாதமாக நிற்கிறாள் என்றும் அவர் எழுதியிருந்தார். தோழிகள் இருவர் ஏற்கெனவே ஏற்றிக்கொண்டுவிட்டனராம். ‘இது ஹராமா, ஹலாலா என ஒரே சொல்லில் கூறுங்கள்’ என்பது அவரது வேண்டுகோள்.

ஒரே சொல்லில் கூறிவிட்டால் எமக்கும் இலகு, அவருக்கும் இலகு. ஆயினும் ஊசிக் குப்பியினுள் இருப்பது யாது, அது உடலில் என்ன செய்கிறது, யாருக்காக அது கண்டுபிடிக்கப்பட்டது என்பவற்றை அறியாமல் சொல்லப்படும் தீர்ப்பு அரைகுறைத் தீர்ப்பாகவே இருக்கும். ஆகவே முதலில் மருந்தைப் பற்றிப் பேசுவோம். மார்க்கத்தின் பக்கம் பின்னர் வருவோம்.

நஞ்சு மருந்தான வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் வூர்ட்டெம்பேர்க் பகுதியில், கெட்டுப்போன இறைச்சிக் குழல்களை உண்டவர்கள் பலர் விசித்திரமான முறையில் நோயுற்றனர். கண் இமைகள் தாழ்ந்தன, பார்வை இரட்டையாகத் தெரிந்தது, விழுங்க முடியவில்லை, இறுதியில் மூச்சும் நின்றது. யுஸ்டினுஸ் கேர்னர் என்ற வைத்தியர் இந்நோயாளர்களை ஆராய்ந்து 1820களில் விரிவாக எழுதினார். அந்நஞ்சை மிகச் சிறிதளவு தாமே உட்கொண்டும் பார்த்தார். அளவறிந்து பயன்படுத்தினால் கட்டுமீறித் துடிக்கும் நரம்புகளை அடக்க இதே நஞ்சு உதவக்கூடும் என்று அப்போதே அவர் எழுதிவைத்தது வியப்புக்குரியது. இறைச்சிக் குழலுக்கு இலத்தீன் மொழியில் ‘பொட்டுலஸ்’ என்று பெயர். ‘பொட்டுலிசம்’ என்ற நோயின் பெயரும், பிற்காலத்தில் ‘பொட்டொக்ஸ்’ என்ற வணிகப் பெயரும் அச்சொல்லின் வழி வந்தவையே.

1895ஆம் ஆண்டு டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்ற கிராமத்தில் ஒரு மரணச் சடங்கில் வாத்தியம் இசைத்த குழுவினர், உப்பிட்டுப் பதனிட்ட பன்றித் தொடை இறைச்சியை உண்டு நோயுற்றனர். அவர்களுள் மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கம் என்ற ஆய்வாளர் அவ்விறைச்சியிலிருந்து நஞ்சைச் சுரக்கும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார்.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். பன்றி இறைச்சியில் கண்டறியப்பட்டதால், இம்மருந்தே பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறது என்று நம்மிற் சிலர் மேடைகளிற் கூறுவதைக் கேட்டிருக்கின்றேன். அது சரியன்று. அந்தப் பற்றீரியா மண்ணில் வாழ்வது. காற்றுப் புகாதபடி தவறாக அடைத்து வைக்கப்பட்ட மீனிலும் காய்கறியிலும்கூட அது நஞ்சைச் சுரக்கும். ஹராமென்று சொல்ல விரும்புவோரும் உண்மையான காரணத்தைக் கொண்டே சொல்ல வேண்டும்.

இந்நஞ்சைக் குணமாக்கும் மருந்தாக மாற்றியவர் சன் பிரான்சிஸ்கோ நகரின் கண் வைத்திய நிபுணர் அலன் ஸ்கொட். மாறுகண் உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சையின்றி நிவாரணம் தேடியவர் அவர். ஒரு பக்கமாக இழுக்கும் கண் தசையைச் சற்றுத் தளர்த்தினால் கண் நேராகும் என்பது அவரது சிந்தனை. 1973இல் குரங்குகளில் மேற்கொண்ட ஆய்வின் முடிவுகளையும், 1980இல் மனிதர்களில் பெற்ற முடிவுகளையும் அவர் வெளியிட்டார். 1989ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மாறுகண்ணுக்கும், இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் இதனை அங்கீகரித்தது. அந்த இமை நோய் உள்ளவர்களுக்குக் கண்ணில் குறையில்லை. ஆயினும் இமை திறவாததால் பார்வையற்றோர் போலவே வாழ்வர். அவர்களுள் பலருக்கு இச்சிறு ஊசி மீண்டும் வெளிச்சத்தைக் கொடுத்தது. பின்னர் கழுத்துத் தசை முறுக்கிக்கொள்ளும் நோய்க்கும், நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும், மூளை வாதமுற்ற குழந்தைகளின் விறைத்த கைகால்களைத் தளர்த்தவும் இது பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது.

அழகுக்காக இது பயன்படத் தொடங்கியது தற்செயலாகவே. கனடாவின் வன்கூவர் நகரில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் வைத்தியர் 1987இல் இமை நோயாளி ஒருவருக்குச் சிகிச்சையளித்துக்கொண்டிருந்தார். புருவங்களுக்கு இடையில் ஊசி ஏற்றப்படும்போது தம் முகத்தில் கவலைக் கோடு மறைந்துவிடுவதாக அந்நோயாளி கூறினார். ஜீனின் கணவர் அலஸ்டெயர் ஒரு தோல் நோய் வைத்தியர். இருவரும் சேர்ந்து இதனை ஆராய்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டனர். 2002ஆம் ஆண்டு புருவங்களுக்கிடையிலான கோடுகளுக்கு அமெரிக்கா அங்கீகாரமளித்தது. ஒரு கண் வைத்தியசாலையில் பிறந்த மருந்து இவ்வாறே அழகு நிலையங்களின் வாசலை அடைந்தது.

ஊசி என்ன செய்கிறது?

நாம் புருவத்தை நெரிக்கும்போது நரம்பின் நுனியிலிருந்து ஓர் இரசாயனம் வெளிப்பட்டுத் தசையை இயக்குகிறது. பொட்டுலினம் நஞ்சு அந்த இரசாயனம் வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. கட்டளை வருகிறது, தசைக்கு அது எட்டுவதில்லை. தசை அசையாதபோது அதன் மேலுள்ள தோலும் மடிவதில்லை. ஊசி ஏற்றிய சில நாட்களில் மாற்றம் தெரியத் தொடங்கி, இரண்டு வாரமளவில் முழுமை பெறும். பின்னர் நரம்பு மெல்ல மெல்லத் தன் வழியை மீட்டுக்கொள்ளும். மூன்று நான்கு மாதங்களில் பழைய முகம் திரும்பிவிடும்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்குகின்றன. முதலாவது, இது தோலை இளமையாக்குவதில்லை. தசையைச் சில காலம் உறங்க வைக்கிறது. வெயிலால் தடித்த தோலையும், வயதினால் இறங்கிய கன்னத்தையும் இவ்வூசி தொடுவதே இல்லை. இரண்டாவது, ஒரு முறை ஏற்றினால் முடிந்துவிடும் காரியமன்று. கடிதம் எழுதிய தாயின் மகள் 24 வயதில் ஆரம்பித்து, ஆண்டுக்கு மூன்று முறை வீதம் 54 வயது வரை தொடர்வாளாயின் அவளது முகம் 90 அமர்வுகளைக் காண வேண்டும். ஒவ்வோர் அமர்வுக்கும் பணம் வேண்டும். அதனை யார் செலுத்துவது என்பதை நிக்காஹுக்கு முன்னரே யோசிப்பது நல்லது!

இரண்டாவது வகை ஊசி வேறு. அது தசையைத் தளர்த்துவதில்லை. குழிந்த இடத்தை நிரப்புகிறது. ஆங்கிலச் சொல்லையே வழங்கி ‘ஃபில்லர்’ என்கிறார்கள். மூக்கின் ஓரத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பு, ஒடுங்கிய கன்னம், உதடு ஆகியவற்றில் இதனை ஏற்றுவர். இதன் வரலாறு பொட்டொக்ஸின் வரலாற்றைவிடக் கசப்பானது. 1899இல் வியன்னாவின் வைத்தியர் ரொபேர்ட் கெர்சுனி உடலில் பரபின் மெழுகு வகையை ஏற்றும் முறையை ஆரம்பித்தார். அது ஐரோப்பாவெங்கும் மோகமாகப் பரவியது. சில ஆண்டுகளில் மெழுகு இடம் நகர்ந்தது, கட்டிகளாக இறுகியது, முகங்கள் உருக்குலைந்தன. 1981இல் அமெரிக்கா மாட்டின் கொலாஜனை அங்கீகரித்தது. சிலருக்கு அது ஒவ்வாமையை ஏற்படுத்தியதால் முன்கூட்டியே கையிற் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று பெரிதும் பயன்படுவது ஹயலூரோனிக் அமிலம். இது நம் தோலிலும் கண்ணிலும் மூட்டிலும் இயல்பாகவே உள்ள பொருள். நீரை ஈர்த்து வைத்துக்கொள்வது. முன்னர் சேவற் கொண்டையிலிருந்து எடுத்தனர். இப்போது பெரும்பாலும் பற்றீரியாக்களைக் கொண்டு தயாரிக்கின்றனர்.

இவ்வகை ஊசியில் ஓர் ஆபத்தைப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். புருவ நடுவிலும் மூக்கிலும் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கண்ணுக்கு இரத்தம் செல்லும் குழாயோடு தொடர்புடையவை. ஊசி தவறுதலாக அக்குழாயினுள் நுழைந்து, நிரப்பும் பொருள் பின்னோக்கித் தள்ளப்பட்டால் அது விழித்திரையின் குழாயைச் சென்று அடைத்துவிடும். ஒரு கண்ணின் பார்வை நிமிடங்களுள் போய்விடலாம். இது அரிதாக நிகழ்வது. ஆயினும் நிகழ்ந்தபின் பார்வை மீள்வதும் அரிது. ஹயலூரோனிக் அமிலத்தைக் கரைக்கும் மாற்று மருந்து ஒன்று உண்டு. அதைக் கைவசம் வைத்திராதவர், அல்லது வைத்திருந்தும் பயன்படுத்தத் தெரியாதவர், இவ்வூசியைத் தொடவே கூடாது.

மார்க்கம் எங்கே நிற்கிறது?

மனிதனை மிக அழகிய அமைப்பில் படைத்ததாக அல்லாஹ் ஸூரத்துத் தீனில் அறிவிக்கின்றான். அவனது படைப்பை மாற்றும்படி மனிதர்களைத் தூண்டுவேன் என ஷைத்தான் சபதமிட்டதை ஸூரத்துன் நிஸாவின் 119ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி ஏற்படுத்துவோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்த ஹதீஸில் ‘அழகுக்காக’ என்ற சொல் இருப்பதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சுட்டிக்காட்டி, சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறையை நீக்குவதற்காகவோ செய்வது இதில் அடங்காது என விளக்கினார்கள்.

மறுபக்கத்தில் அர்பஜா (ரழி) அவர்களின் செய்தி இருக்கிறது. அறியாமைக் காலத்துப் போரொன்றில் மூக்கை இழந்த அந்த ஸஹாபி வெள்ளியினால் மூக்கு செய்து அணிந்தார். அது துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தினால் செய்துகொள்ளுமாறு நபியவர்கள் அவருக்குக் கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்ட மார்க்கத்தில் இந்த அனுமதி எவ்வளவு பெரியது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். உருக்குலைந்த முகத்தோடு ஒருவர் மனிதர்களுக்கு முன்னால் கூனிக் குறுகி நிற்பதை மார்க்கம் விரும்பவில்லை.

ஆகவே இமை திறவாத நோயாளிக்கும், விபத்தினால் முகத்தில் பள்ளம் விழுந்தவருக்கும், பாரிசவாதத்தால் முகம் ஒரு பக்கம் கோணியவருக்கும் இந்த ஊசியைச் சிகிச்சையாகக் கொடுப்பதை, படைப்பை மாற்றுவதாகக் கூற இடமில்லை. எல்லா நோய்க்கும் மருந்துண்டு, முதுமையைத் தவிர என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியையும் இங்கு நினைவில் வைக்க வேண்டும். முதுமையின் கோடு நோயன்று. அதனை மறைப்பது மட்டுமே நோக்கமாயின், அறிஞர்களுள் பலர் அதனை வெறுக்கின்றனர் அல்லது தடுக்கின்றனர். ஊசியின் விளைவு தற்காலிகமானது, படைப்பு நிரந்தரமாக மாறுவதில்லை, எனவே தீங்கும் ஏமாற்றும் இல்லாதவிடத்து அனுமதிக்கலாம் என்போரும் உளர். மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை 2006ஆம் ஆண்டு, மருத்துவத் தேவையின்றி இவ்வூசியை ஏற்றுவதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. அடங்கியுள்ள பொருள்கள் பற்றிய ஐயமும் அத்தீர்ப்புக்கான காரணங்களுள் ஒன்றாகும்.

அந்த ஐயம் எத்தகையது? பற்றீரியாவை வளர்க்கும் ஊட்டக் கரைசலில் விலங்குகளிலிருந்து பெறப்பட்ட பொருள்கள் சேர்வதுண்டு. பெயர்பெற்ற பல தயாரிப்புகளில் மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அல்புமின் என்ற புரதமும் சேர்க்கப்படுகிறது. நிரப்பும் ஊசிகளுள், பன்றியின் கொலாஜனைக் கொண்ட ‘எவோலென்ஸ்’ என்ற தயாரிப்பு 2008இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, 2009இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. எனவே ‘ஃபில்லர் ஹலாலா?’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தத் தயாரிப்பு, எதிலிருந்து எடுக்கப்பட்டது என்றே கேட்க வேண்டும். பெட்டியிலும் அதனுள் உள்ள துண்டுத்தாளிலும் இவை அச்சிடப்பட்டிருக்கும். அதை வாசித்து, ஐயமிருந்தால் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் காட்டுங்கள். அத்தாளைக் காணாமல் எந்த ஆலிமும் உங்களுக்குச் சரியான விடை தர முடியாது, என்னாலும் முடியாது.

தொழுகையாளிகளுக்கு இன்னுமொன்று. ஊசி ஏற்றிய பின் சில மணித்தியாலங்களுக்கு அவ்விடத்தைத் தேய்க்கவோ அழுத்தவோ வேண்டாமென்றும், குனிந்து படுக்க வேண்டாமென்றும் வைத்தியர்கள் கூறுவது வழக்கம். வுழூவிலும் ஸுஜூதிலும் முகத்துக்கும் நெற்றிக்கும் உள்ள பங்கை நாமறிவோம். மருத்துவத் தேவைக்காக ஏற்றிக்கொள்பவர் தொழுகை நேரத்தையும் வைத்தியரிடம் சொல்லி, அதற்கேற்ப நேரம் பெற்றுக்கொள்ளலாம்.

ஊசி யாருடைய கையில்?

இவ்வுரையில் எமக்குப் பெருங்கவலை தருவது இப்பகுதியே. முறைப்படி தயாரிக்கப்பட்ட குப்பியில் உள்ள நஞ்சின் அளவு நெனோகிராம் கணக்கிலானது. ஒரு நெனோகிராம் என்பது ஒரு கிராமின் 100 கோடியில் ஒரு பங்கு. புருவ நடுவுக்கு ஐந்து புள்ளிகளில் மொத்தம் 20 அலகுகள் போதும். அளவு பிசகினால் மருந்து மீண்டும் நஞ்சாகிவிடும். 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மனிதருக்குப் பயன்படுத்தலாகாது எனக் குறிக்கப்பட்ட ஆய்வுகூட நஞ்சை ஊசியாக ஏற்றியதில் நால்வர் உடல் செயலிழந்து, மூச்சுக்கு இயந்திரத்தின் உதவியோடு வைத்தியசாலையிற் கிடந்தனர். 2024இல் அதே நாட்டின் 11 மாநிலங்களில் 22 பேர், போலி மருந்தாலோ முறையற்ற இடங்களில் ஏற்றிய ஊசியாலோ பாதிக்கப்பட்டதாக அந்நாட்டுச் சுகாதாரத் துறை அறிவித்தது. அவர்களுள் பாதிப்பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். வீடுகளிலும் அழகு நிலையங்களிலும் ஏற்றிக்கொண்டோர் அவர்களுள் இருந்தனர்.

ஆய்வு வசதியும் சட்டமும் மிகுந்த நாட்டின் நிலை இதுவாயின், பயணப் பையில் வைத்துக் கொண்டுவரப்பட்டு, பெருநாள் கழிவு விலையில் ஏற்றப்படும் ஊசியைப் பற்றி என்ன சொல்வது! திறக்கப்படாத பொட்டொக்ஸ் குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் பேணப்பட வேண்டியது. நமது வெப்பத்தில் அது எத்தனை நாள் எங்கெங்கு கிடந்தது என்பதை முகமே பின்னர் சொல்லும்.

நமது நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டுள்ளது. குறித்த மருந்து அங்கு பதிவானதா, ஊசி ஏற்றுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற வைத்தியரா என வினவுவது மரியாதைக் குறைவன்று. அழகுக்கலை கற்றவர் முடியலங்காரத்தில் வல்லவராக இருக்கலாம். ஊசி அவரது தொழிலன்று. கர்ப்பிணிகளும், தாய்ப்பாலூட்டுவோரும், தசை நரம்பு நோயுள்ளவர்களும் அதனை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. ஊசிக்குப் பின் விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், பார்வை இரட்டித்தல் ஆகியவற்றில் எது தோன்றினும், சில நாட்கள் கழிந்திருந்தாலும், உடனே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வெட்கத்தினால் வீட்டில் இருந்துவிடுவதே பேராபத்து.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை

அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோதே ஒரு வரி என் கண்ணிற் பட்டது. பெண் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணொருவர், ‘பிள்ளையின் முகம் கொஞ்சம் முற்றிப்போய்த் தெரிகிறதே’ என்றாராம். தாயும் சிரித்துவிட்டு இருந்துவிட்டாராம். அன்றிரவுதான் மகள் ஊசியைப் பற்றி முதன்முதலாகப் பேசினாள். தோழிகளைக் குற்றம் சொல்லுமுன், அந்தச் சிரிப்பைப் பற்றித் தாய் மகளிடம் பேச வேண்டும் என்றே பதில் எழுதினேன். நமது வீடுகளில் பெண் பிள்ளையின் நிறத்தையும் பருமனையும் முகத்தையும் விருந்தினர் எடைபோடும் வழக்கம் ஊசி மருந்துக்கு முந்தியது. ஊசி வந்தபின் அவ்வழக்கத்துக்கு ஒரு விலைப்பட்டியல் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

மகளுக்கும் தனியே சில வரிகள் எழுதினேன். 24 வயதில் இல்லாத கோட்டுக்கு நஞ்சேற்றுவதற்குத் தேவை என்று பெயரில்லை. கோடு விழாதிருக்க வேண்டுமாயின் அதற்கு வழி வேறு. உங்கள் மேற்கையின் உட்புறத்தையும் புறங்கையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயது. ஆடைக்குள் இருந்த தோல் மிருதுவாக இருக்கும், வெயில் கண்ட தோல் தடித்திருக்கும். 28 ஆண்டுகள் பாரவூர்தி ஓட்டிய ஓர் அமெரிக்கச் சாரதியின் படத்தை 2012இல் மருத்துவ சஞ்சிகை ஒன்று வெளியிட்டது. யன்னல் பக்கமிருந்த இடது கன்னம் ஆழமாகச் சுருங்கித் தொங்க, வலது கன்னம் ஒப்பளவில் வழுவழுப்பாக இருந்தது. நமது நாட்டில் சாரதி ஆசனம் வலப்புறத்தில். முச்சக்கரவண்டி ஓட்டும் சகோதரர்களும் இதனைக் கவனிக்கலாம். புகைத்தலும் தோலை இவ்வாறே கெடுக்கிறது.

பகல் வேளையில் வெளியே செல்லும்போது குடை, முகத்துக்கு வெயில் தடுக்கும் களிம்பு, நிறைவான உறக்கம். தோலில் உண்மையாகவே ஏதும் குறை தென்பட்டால் அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவு. இவற்றை எழுதி, ஊசிக்கென அவள் சேர்த்து வைத்திருந்த பணத்தை என்ன செய்வது என்பதை அவளது விருப்பத்துக்கே விட்டுவிடுமாறு தாயிடம் கேட்டுக்கொண்டேன்.